மின்சார காரை வீட்டில் சார்ஜ் செய்வது: எனக்கு யாரும் சொல்லாத மீதிக் கணக்கு

மின்சார கார் வாங்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் ஒரே கணக்கைத்தான் சொன்னார்கள். நூறு கிலோமீட்டர் ஓட இத்தனை யூனிட், ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு கட்டணம், இரண்டையும் பெருக்கினால் பெட்ரோல் செலவில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். காரை விற்றவரும் அதையே ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் அது பாதிக் கணக்கு. மீதிப் பாதியை நான் கரண்ட் பில்லைப் பார்த்தும், கருகிப்போன ஒரு சாக்கெட்டைப் பார்த்தும், வாங்கியும் உபயோகப்படாமல் போன ஒரு சார்ஜர் பெட்டியை வைத்தும் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. எனக்குத் தெரிந்தவர்கள் யாரிடமும் அப்போது மின்சார கார் கிடையாது. கேட்க ஆள் இல்லாமல், ஒவ்வொன்றையும் ஒரு பிரச்சினை வந்த பிறகே தெரிந்துகொண்டேன். வாங்குவதற்கு முன்பே இதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், சில மாதத் தூக்கமும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் சார்ஜ் செய்வதில் மிச்சம் உண்டு, இன்றைக்கும் நான் அப்படித்தான் செய்கிறேன். எவ்வளவு மிச்சம், அதற்கு முன்னால் எதற்கெல்லாம் செலவு செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி.

முதல் அதிர்ச்சி முதல் பில்லிலேயே வந்தது. பழைய காருக்கு மாதம் பெட்ரோல் போட்ட செலவை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 ஆகும் என்று சொன்னார்கள். காருக்காகக் கூடியிருந்த தொகையைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது 36 வந்தது. மீட்டரில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். புகார் கொடுத்து ஆள் வந்து பார்த்தார். மீட்டர் சரியாகவே இருந்தது. அப்புறம் பில்லை வரி வரியாகப் படித்தேன். என் மின் இணைப்பில் உபயோகம் கூடக் கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறும். விற்றவர் தாளில் எழுதியது சராசரி விலை. அதாவது மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்தால் வருவது. ஆனால் கார் எடுக்கும் மின்சாரம், வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்காருகிறது. அதன் ஒவ்வொரு யூனிட்டுக்கும் மேல்படியின் விலைதான். எனக்கு அந்த மேல்படி விலை சராசரியைப் போல் ஒன்றரை மடங்கு. 20 என்பது அங்கேயே 30 ஆகிவிட்டது. படி ஏற்றமே இல்லாத கட்டணமும் உலகத்தில் பல இடங்களில் உண்டு. அங்கே இருப்பவருக்கு இந்தப் பிரச்சினை வராது. எதுவானாலும் காரை முன்பதிவு செய்வதற்கு முன் கடைசி பில்லை எடுத்து, உங்கள் கடைசி யூனிட்டுக்கு என்ன விலை என்று பாருங்கள். காருக்கான கணக்கை அந்த விலையில் போடுங்கள். முடிந்தால் வருடத்தில் அதிகமாக பில் வரும் மாதத்தின் தாளை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த மாதத்திலும் கார் ஓடத்தான் போகிறது.

30 சரி, 36 எப்படி வந்தது? இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. கார் திரையில் நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்று காட்டியது. அதை நம்பித்தான் எல்லாக் கணக்கும். கடைசியில் சார்ஜர் லைனில் மட்டும் ஒரு சின்ன மீட்டர் மாட்டிப் பார்த்தேன். அதே நூறு கிலோமீட்டருக்குச் சுவரிலிருந்து 18 யூனிட்டுக்கு மேல் போயிருந்தது. எங்கேயும் திருட்டு இல்லை. வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம். பேட்டரிக்குள் போக வேண்டியது நேர்திசை மின்சாரம். அதை மாற்றும் கருவி காருக்குள் இருக்கிறது. மாற்றும்போது ஒரு பகுதி வெப்பமாகப் போகிறது. அதோடு சார்ஜ் ஏறும் நேரம் முழுக்க காரின் கணினிகள், குளிர்விக்கும் பம்ப், சில நேரம் மின்விசிறி எல்லாம் விழித்திருக்கும். அவை எடுப்பது பேட்டரிக்குப் போகாது. கார் திரை பேட்டரியிலிருந்து வெளியே போனதைத்தான் காட்டுகிறது. நீங்கள் பணம் கட்டுவது சுவரிலிருந்து வெளியே வந்ததற்கு.

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம், மெதுவாக சார்ஜ் செய்தால் வீணாவது கூடுகிறது என்பதுதான். மெதுவாகச் செய்தால் பேட்டரிக்கு நல்லது, செலவும் குறையும் என்று சொல்லியிருந்தார்கள். கணக்கைப் பாருங்கள். விழித்திருக்கும் கருவிகள் 300 வாட் எடுக்கின்றன என்று வையுங்கள். காரோடு கொடுத்த சாதாரண சார்ஜர் 10 ஆம்பியரில் 2.3 கிலோவாட் தருகிறது. அதில் 300 வாட் என்பது 13 சதவீதம். அதே கார் 7.2 கிலோவாட்டில் ஏறினால் 300 வாட் என்பது 4 சதவீதம்தான், அதுவும் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு மட்டும். காருக்குள் மாற்றும்போது போகும் இழப்பையும் சேர்த்தால், மெதுவான வழியில் சுவரிலிருந்து எடுப்பதில் ஏறக்குறைய 81 சதவீதமும், வேகமான வழியில் 89 சதவீதமும் பேட்டரிக்குப் போய்ச் சேரும். காருக்குக் கார் இது மாறும். அதனால் என் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் காரை அளந்துவிடுங்கள். சார்ஜர் லைனுக்கென்று தனி மீட்டர் வைப்பது பெரிய செலவில்லை. பல சுவர் சார்ஜர்களில் அது உள்ளேயே வருகிறது. ஒரு மாதம் மீட்டரின் யூனிட்டையும் ஓடிய கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள். யூனிட்டை உங்கள் கடைசி யூனிட் விலையால் பெருக்கி, கிலோமீட்டரால் வகுத்தால் வருவதுதான் உண்மையான செலவு. வேறு எந்தக் கணக்கையும் நான் இப்போது நம்புவதில்லை.

பணத்தை விடுங்கள். அடுத்து நடந்தது என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது. கார் நிறுத்துமிடத்தில் ஏற்கெனவே ஒரு சாக்கெட் இருந்தது. அதில் செருகிக்கொள்ளலாம், தனியாக எதுவும் தேவையில்லை என்று விற்றவர்களும் சொன்னார்கள், வந்து பார்த்த எலெக்ட்ரீஷியனும் சொன்னார். சில மாதங்கள் பிரச்சினையே இல்லை. ஒரு நாள் விடியற்காலையில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. போய்ப் பார்த்தால் சார்ஜரின் பிளக் சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெயினை அணைத்துவிட்டுப் பிடுங்கினேன். ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பாகி, உள்ளே உருகியிருந்தது. பிளக்கின் ஒரு முனை கறுத்துவிட்டது. மேல் மாடியில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பிறகு ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கவே எனக்கு மனம் வரவில்லை. எழுந்து எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். வீட்டில் மற்றவர்களிடம் சொன்னால் காரையே விற்கச் சொல்லிவிடுவார்களோ என்று சொல்லாமலும் இருந்தேன். அந்த நாட்கள் நினைத்துப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானாக அணைந்துவிடும் பிரேக்கரான எம்சிபி ஏன் விழவில்லை என்பதுதான் என் முதல் கேள்வி. விழாது, விழ வேண்டிய காரணம் எதுவும் அதற்குத் தெரியாது. அந்த பிரேக்கர் பார்ப்பது எவ்வளவு ஆம்பியர் ஓடுகிறது என்பதை. ஓடியது வெறும் 10 ஆம்பியர்தான், அளவுக்குள்ளேயே. கோளாறு இருந்தது பிளக் முனையும் சாக்கெட்டின் பித்தளைத் தகடும் தொடும் இடத்தில். தகடு தளர்ந்துவிட்டால் அந்த இடத்தில் தடை கூடும். கால் ஓம் தடை வந்தால் போதும், 10 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 25 வாட் வெப்பம் உண்டாகும். ஒரு சின்ன சால்டரிங் அயர்னை சாக்கெட்டுக்குள் வைத்து ராத்திரி முழுக்க எரியவிட்டது போல. சூடாகச் சூடாகத் தகடு இன்னும் தளரும், தளரத் தளர இன்னும் சூடாகும். இஸ்திரிப் பெட்டியும் கெட்டிலும் இதே அளவு கரண்டை எடுக்கின்றனவே என்று கேட்கலாம். அவை விட்டு விட்டு எடுக்கும், சில நிமிடங்களில் முடிந்துவிடும், சாக்கெட்டுக்கு ஆற நேரம் கிடைக்கும். கார் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஒரே சீராக இழுக்கும், தினமும் இழுக்கும். வீட்டில் வேறு எந்தச் சாதனமும் இப்படி இழுப்பதில்லை. சாதாரண சாக்கெட்டும் இதை நினைத்துச் செய்யப்பட்டதில்லை.

அந்த சாக்கெட் மலிவு. ஆனால் அதனால் வந்த செலவு மலிவாக இல்லை. சார்ஜரின் பிளக்கை மட்டும் மாற்ற முடியாது என்றார்கள். வெப்பம் பார்க்கும் சென்சார் அதற்குள் வார்த்திருப்பதால் முழு சார்ஜரையும் வாங்க வேண்டும். அது வர வாரக்கணக்கில் ஆனது. அதுவரை வெளியே பொது சார்ஜிங் நிலையத்தில்தான் போட்டேன். அங்கே யூனிட் விலை என் வீட்டு விலையைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல். அதைவிட, வரிசையில் காத்திருந்த மாலை நேரங்கள். புது சார்ஜர், வயரிங், வெளியே போட்ட மின்சாரம் மூன்றையும் கூட்டினால் அதுவரை மிச்சம் பிடித்தது எல்லாம் போய், மேலும் கொஞ்சம் கையிலிருந்து போயிருந்தது. சாக்கெட் இருக்கிறதே, செருகினால் போதும் என்று சொல்பவர் யாராக இருந்தாலும், அவரிடம் அந்த சாக்கெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே வரும் வயர் எத்தனை சதுர மில்லிமீட்டர், அதே லைனில் வேறு என்னென்ன தொங்குகிறது, திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று மூன்றையும் உங்கள் கண் முன்னால் பார்க்க வேண்டும். என் வீட்டில் அதே லைனில் தண்ணீர் மோட்டாரும் இருந்தது. அதைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

இப்போது என் வீட்டில் இருக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறேன். மெயின் போர்டிலிருந்து காருக்கென்று மட்டும் தனி லைன், நடுவில் எந்த இணைப்பும் இல்லாமல். வயர் 6 சதுர மில்லிமீட்டர் செம்பு. 16 ஆம்பியருக்கு அவ்வளவு தேவையில்லை என்று ஒருவர் சொன்னார். ஆனால் 20 மீட்டர் தூரத்துக்கு 2.5 வயரில் 16 ஆம்பியர் ஓடினால் வயரிலேயே ஏறக்குறைய 75 வாட் வீணாகும். 6 வயரில் 31 வாட்தான். பிற்பாடு 32 ஆம்பியருக்குப் போனாலும் சுவரை மறுபடி உடைக்க வேண்டாம். வயர் விலையை விடச் சுவரை வெட்டிப் பூசும் கூலி அதிகம். அதனால் முதல் தடவையே தடித்த வயரைப் போட்டுவிடுங்கள். இதற்கென்று தனி எம்சிபி, தனி ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை உடனே அணைக்கும் கருவி). இந்த ஆர்சிசிபி விஷயத்தில் பெரும்பாலான எலெக்ட்ரீஷியன்கள் கவனம் வைப்பதில்லை என்பது என் அனுபவம். டைப் ஏசி என்ற பழைய வகை, மாறுதிசைக் கசிவை மட்டும்தான் உணரும். மின்சார காரிலிருந்து நேர்திசைக் கசிவும் வரலாம். அது வந்தால் பழைய வகை மரத்துப்போய், ஆள் மேல் கரண்ட் பாயும்போதுகூட விழாமல் நின்றுவிடலாம். அதனால் டைப் பி வேண்டும், அல்லது 6 மில்லிஆம்பியர் நேர்திசைக் கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி சார்ஜருக்குள்ளேயே இருந்து அதோடு டைப் ஏ வேண்டும். உங்கள் சார்ஜரின் கையேட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எலெக்ட்ரீஷியனிடம் பேசுங்கள்.

எர்த் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். புது லைனில் சார்ஜரைச் செருகியதும் சிவப்பு விளக்கு எரிந்து, சார்ஜ் ஏறவில்லை. எர்த் சரியில்லை என்று அர்த்தம். கார் சார்ஜர்கள் எர்த்தைச் சோதித்துவிட்டுத்தான் கரண்டை விடும். வேலைக்கு வந்தவர், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டால் விளக்கு பச்சையாகிவிடும், எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம் என்றார். தயவுசெய்து இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். விளக்கு பச்சையாவது உண்மைதான். ஆனால் எங்கேயாவது நியூட்ரல் வயர் அறுந்தால் காரின் உலோக உடல் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். ஈரத் தரையில் நின்று கதவைத் திறப்பவர் கதி என்ன? நான் மறுத்தேன். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். வேறொருவரைத் தேடிப் பிடித்து, புதிதாக எர்த் குழி போட்டு, எர்த்தின் தடையை அளந்து எழுதித் தரச் சொன்னேன். அதற்கும் செலவாயிற்று. இந்தக் கதையில் நான் வருத்தப்படாமல் கொடுத்த பணம் அது ஒன்றுதான்.

சாக்கெட் கருகிய பயத்தில் இருந்த எனக்கு, சுவர் சார்ஜர் வாங்குங்கள் என்ற பேச்சு நிம்மதியாக இருந்தது. கடையில் 11 கிலோவாட் பெட்டியைக் காட்டினார்கள். உங்கள் கார் 7.2 கிலோவாட் எடுக்கும், இது அதைவிடப் பெரியது, நாளைக்கு வேறு கார் வாங்கினாலும் உதவும் என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. மாட்டிய பிறகு கார் 3.7 கிலோவாட்டுக்கு மேல் ஏறவே இல்லை. காரணத்தை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, நானே தோண்டி எடுத்தேன். 11 கிலோவாட் என்பது மூன்று பேஸையும் சேர்த்து; ஒரு பேஸுக்கு 16 ஆம்பியர்தான். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் 3.7 கிலோவாட். என் வீடும் ஒரு பேஸ், காரும் ஒரு பேஸில் மட்டும் எடுக்கும் கார். எனக்குத் தேவைப்பட்டது ஒரு பேஸில் 32 ஆம்பியர் தரும் 7.4 கிலோவாட் பெட்டி. எண்ணில் சின்னது, விலையிலும் குறைவு. பெரிய பெட்டி எனக்குப் பாதி வேகத்தைத்தான் கொடுத்தது. மாட்டிய பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். பாதி விலைக்குத்தான் விற்க முடிந்தது.

அதனால் இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டுவதை சார்ஜர் என்று சொன்னாலும் உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. சுவர்ப் பெட்டி, பாதுகாப்புச் சோதனைகளோடு கூடிய ஒரு சுவிட்ச். எத்தனை ஆம்பியர் எடுத்துக்கொள்ளலாம் என்று காருக்குச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. காருக்குள் இருக்கும் சார்ஜர் எத்தனை கிலோவாட், ஒரு பேஸா மூன்று பேஸா என்று முதலில் பாருங்கள். அடுத்து உங்கள் வீட்டு இணைப்பு என்ன, அதில் எவ்வளவு லோடுக்கு அனுமதி என்று பாருங்கள். பெட்டியின் எண்ணை அப்புறம் பார்க்கலாம். 22 கிலோவாட் பெட்டி வாங்கினாலும் 3.6 கிலோவாட் கார் 3.6தான் எடுக்கும். லோடு விஷயத்திலும் எனக்கு அடி விழுந்தது. 7 கிலோவாட்டுக்கு வீட்டு இணைப்பு போதாது, மூன்று பேஸாக மாற்றுங்கள் என்று சொன்னதால் விண்ணப்பித்து முன்பணமும் கட்டினேன். அனுமதிக்கப்பட்ட லோடு கூடினால் நிலைக் கட்டணமும் மாதாமாதம் கூடும், கார் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத மாதத்திலும் கட்ட வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு மாற்றாக, மெயின் வயரில் கரண்டை அளக்கும் ஒரு கிளாம்ப் மாட்டி, வீட்டில் ஏசியும் மோட்டாரும் ஓடும்போது காரின் ஆம்பியரைத் தானாகக் குறைத்து, அவை நின்றதும் கூட்டும் வசதி பல பெட்டிகளில் உண்டு. அந்த வசதி உள்ள பெட்டி வாங்கியிருந்தால் விண்ணப்பமே தேவைப்பட்டிருக்காது. பிறகு வாங்கிய பெட்டி இப்போது அப்படித்தான் ஓடுகிறது. எப்படியும் காரை சார்ஜ் செய்வது எல்லோரும் தூங்கும் நேரத்தில். அப்போது வீட்டில் பெரிய லோடு இருப்பதில்லை.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். சிலருக்குச் சுவர்ப் பெட்டியே தேவையில்லை. தினமும் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓடுபவருக்கு, சரியாகப் போட்ட தனி லைனில் காரோடு வந்த 10 ஆம்பியர் சார்ஜரே போதும். எட்டு மணி நேரத்தில் 15 யூனிட் பேட்டரியில் ஏறும். நூறு கிலோமீட்டர் ஓடலாம். கொஞ்சம் வீணாகும்தான். ஆனால் அந்த வீண் ஒரு வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று கணக்கிட்டு, பெட்டியின் விலையோடு வைத்துப் பாருங்கள். குறைவாக ஓடுபவருக்குப் பெட்டியின் விலை திரும்ப வரவே பல வருடம் ஆகும். கட்டணம் குறைவான நேரம் நாலைந்து மணி நேரம்தான் என்றால் மட்டும் கணக்கு மாறும்; அந்தக் குறைந்த நேரத்துக்குள் வேண்டியதை ஏற்ற வேகமான சார்ஜர் வேண்டும். என் விஷயத்தில் அதுதான் நடந்தது.

நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணத் திட்டத்துக்கு மாறியதுதான் எனக்கு அதிகம் மிச்சம் கொடுத்தது. ஆனால் அங்கேயும் பார்க்க வேண்டியவை உண்டு. அந்தக் கட்டணம் காருக்கு மட்டும் வராது, வீடு முழுவதற்கும் வரும். ராத்திரி விலை குறையும்போது மாலை விலை ஏறும். பகலிலும் மாலையிலும் வீட்டில் அதிகம் உபயோகிப்பவர் காரில் மிச்சம் பிடித்ததைச் சமையலறையில் கட்டிவிட வாய்ப்பு உண்டு. மணிவாரியாக உபயோகத்தைக் காட்டும் மீட்டர் இருந்தால், ஒரு மாத விவரத்தை எடுத்து இரண்டு திட்டத்திலும் பில் போட்டுப் பார்த்துவிட்டு மாறுங்கள். அடுத்தது டைமர். காரிலும் நேரம் வைக்கலாம், சுவர்ப் பெட்டியிலும் வைக்கலாம். நிறுவ வந்தவர் இரண்டிலும் வைத்துவிட்டுப் போனார். பெட்டி கரண்டை விட்ட நேரத்தில் கார் வேண்டாம் என்று இருந்தது. கார் கேட்ட நேரத்தில் பெட்டி மூடியிருந்தது. காலையில் அவசரமாகக் கிளம்ப வேண்டிய நாளில் பேட்டரி மாலையில் விட்ட இடத்திலேயே நின்றது. ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் நேரம் வையுங்கள், மற்றதை எப்போதும் திறந்தே விடுங்கள். ராத்திரி கரண்ட் போய்த் திரும்ப வந்தால் சார்ஜ் தானாகத் தொடர்கிறதா என்பதையும் ஒரு தடவை மெயினை அணைத்துப் போட்டுச் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். என் பழைய சார்ஜர் தொடராது, கையால் மறுபடி செருக வேண்டும்.

சின்ன விஷயங்கள் சில. காரை நிறுத்திய பிறகும் கேமராக்கள் காவல் காக்கும் வசதி சில கார்களில் உண்டு. அது 200 வாட் எடுத்தால் ஒரு நாளைக்கு 4.8 யூனிட், அதாவது முப்பது கிலோமீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலேயே போய்விடும். சொந்தக் காம்பவுண்டுக்குள் நிற்கும்போது அதை அணைத்து வையுங்கள். கிளம்புவதற்கு முன் காரைக் குளிர்விப்பதோ சூடாக்குவதோ வேண்டுமென்றால் வயர் செருகியிருக்கும்போதே செய்துவிடுங்கள். பேட்டரி முழுசாகக் கிடைக்கும். எத்தனை சதவீதம் வரை ஏற்றலாம் என்பது பேட்டரி வகையைப் பொறுத்தது. நிக்கல் கலந்த வகை என்றால் தினசரிக்கு 80 சதவீதம் போதும் என்பார்கள். எல்எஃப்பி என்ற இரும்பு பாஸ்பேட் வகையை அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்வார்கள், இல்லாவிட்டால் திரையில் காட்டும் சதவீதம் தவறிப்போகும். உங்கள் கார் எது என்று கையேட்டில் பாருங்கள், பொதுவாகச் சொல்வதைக் கேட்காதீர்கள்.

சூரிய மின்சாரம் வைத்தால் கார் சும்மா ஓடும் என்றும் சொல்வார்கள். அதையும் விசாரித்தேன். ஐஇசி 61851 என்ற சர்வதேசத் தரப்படி கார் சார்ஜிங் 6 ஆம்பியருக்குக் கீழே போக முடியாது. ஒரு பேஸில் அது 1.4 கிலோவாட், மூன்று பேஸில் 4.1 கிலோவாட். வீட்டு உபயோகம் போகக் கூரையிலிருந்து மிஞ்சுவது அதற்குக் குறைந்தால் மீதியைக் காசு கட்டும் மின் இணைப்பிலிருந்துதான் எடுக்கும், அல்லது நின்றுவிடும். பகலில் கார் வெளியே இருப்பவருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. கார் பகலில் வீட்டில் நிற்கும், கூரையும் பெரியது என்பவர்கள் மட்டும் காருக்காக அதை யோசிக்கலாம். எனக்குச் சரிப்படாது என்று விட்டுவிட்டேன்.

இப்போது சுவரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு 17 யூனிட்டுக்குள் வருகிறது. பழைய பெட்ரோல் செலவு 100 என்றால் இப்போது 26. சொன்ன 20 இல்லை, முதல் பில்லின் 36ம் இல்லை. விற்ற பெட்டியில் போன பாதி விலை, புது சார்ஜர், எர்த், வயரிங் எல்லாவற்றையும் சேர்த்தால் இன்னும் முழுதாக ஈடாகவில்லை. இந்த ஓட்டத்தில் அடுத்த வருட நடுவில் ஈடாகும். பயமும் குறைந்துவிட்டது, ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மெயினை அணைத்து, போர்டிலும் பெட்டியிலும் திருகுகளை எலெக்ட்ரீஷியனை வைத்து இறுக்கிவிடுகிறேன். சூடாகி ஆறிச் சூடாகி ஆறித் திருகு தளரும். ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை மட்டும் நானே அழுத்திப் பார்க்கிறேன். நிறுவியவர் தந்த சோதனைத் தாளை வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். கார் சார்ஜர் மாட்டியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டேன், நீங்களும் தெரிவித்துவிடுங்கள். மூன்று பேஸ் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றாயிற்று. கட்டிய முன்பணத்துக்கு இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால் நீங்கள் முன்பணம் கட்டும்போதே, வேண்டாம் என்றால் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.